மாணவர்கள் செல்பேசியில் பதிந்து ஏற்றும் காணொளி எல்லா உலாவிகளிலும் ஓட, வலைச் செயலியை எப்படி அமைக்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் இசைப் பயிற்சித் தளத்தில் மாணவர்கள் வீட்டில் பாடிப் பழகியதைச் செல்பேசியில் பதிந்து ஏற்ற வேண்டும். ஆசிரியர் அதைப் பார்த்து, இன்ன நிமிடம் இன்ன விநாடி என்று சுட்டிக் கருத்து எழுத வேண்டும். இப்போது கோப்பு ஒரு சாதாரணப் படிவத்தின் வழியே சேவையகத்துக்கு வந்து, வந்தபடியே, பக்கத்தில் காணொளியை ஓட்டும் வீடியோ டேகில் காட்டப்படுகிறது. பெரிய கோப்புகள் ஏறுவதில்லை, சிலருக்குப் படம் வராமல் ஒலி மட்டும் கேட்கிறது, நடுவிலிருந்து ஓட்டினால் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். எச்எல்எஸ் என்ற ஓட்டும் முறை வேண்டுமா என்றும் கேட்கிறீர்கள்.

இசை, நடன வகுப்புகளுக்கான தளங்களில் காணொளிப் பகுதியைக் கட்டும் வேலையில் இருப்பதால் இந்த மூன்று புகார்களையும் நான் அடிக்கடி கேட்கிறேன். மாணவர் அனுப்பிய கோப்பையே ஆசிரியருக்கும் காட்டலாம் என்ற எண்ணம்தான் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம். வந்த கோப்பை மூலப்பொருளாக மட்டும் கொள்ளுங்கள். பெறுவது, மாற்றுவது, காட்டுவது ஆகிய மூன்றையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றையும் தனியே சரிசெய்ய முடியும்.

பதிவேற்றத்தில் நீங்கள் முதலில் முட்டியிருப்பது இயல்பு வரம்புகளில்தான். என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையக மென்பொருள், எதுவும் மாற்றப்படாத நிலையில் 1 எம்பிக்கு மேற்பட்ட கோரிக்கையை 413 என்ற பிழையுடன் திருப்பி அனுப்பும். சேவையக நிரல்மொழியான பிஎச்பி ஒரு கோப்புக்கு 2 எம்பியும் ஒரு படிவத்துக்கு 8 எம்பியும்தான் அனுமதிக்கும். இவற்றை உயர்த்திவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள், ஆனால் அது பாதித் தீர்வு மட்டுமே. ஐபோன் 1080பி அளவில், விநாடிக்கு 30 சட்டகம் என்ற வேகத்தில் பதியும்போது, சிக்கனமான வடிவத்திலேயே நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 எம்பி ஆகிறது. பத்து நிமிடம் நீளும் ஒரு வர்ணம் 600 எம்பி. விநாடிக்கு 5 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் அது ஏறி முடியக் கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் திரை அணையலாம், வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறலாம், வேறு அழைப்பு வரலாம். ஒரே கோரிக்கையில் முழுக் கோப்பையும் அனுப்பினால், தொண்ணூறு சதவீதத்தில் அறுந்தாலும் மறுபடி தொடக்கத்திலிருந்து அனுப்ப வேண்டும்.

ஆகவே துண்டு துண்டாக அனுப்புங்கள். அமேசான் எஸ்3 போன்ற பொருள் சேமிப்பகம் (கோப்புகளை இணையத்தில் வைக்கும் சேவை) இருந்தால், உங்கள் செயலி ஒவ்வொரு துண்டுக்கும் கையொப்பமிட்ட தற்காலிக முகவரியை மட்டும் வழங்க, உலாவி நேரடியாகச் சேமிப்பகத்துக்கே அனுப்பிவிடும். கோப்பின் பாரம் உங்கள் சேவையகத்தைத் தொடவே தொடாது. கடைசித் துண்டு நீங்கலாக ஒவ்வொன்றும் குறைந்தது 5 எம்பி இருக்க வேண்டும். 10,000 துண்டுகள் வரை போகலாம். அறுந்த துண்டை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். வேறு தளத்தின் பக்கத்துக்கு எதை அனுமதிப்பது என்று சொல்லும் கார்ஸ் அமைப்பில், ஒவ்வொரு துண்டுக்கும் சேமிப்பகம் தரும் அடையாளமான ஈடேக் தலைப்பை உலாவி படிக்க அனுமதி தர மறவாதீர்கள். துண்டுகளை இறுதியில் இணைக்க அந்த அடையாளங்கள் தேவை. பாதியில் கைவிடப்பட்ட துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து கட்டணத்தை ஏற்றும் என்பதால், சில நாட்களில் அவற்றைத் தானாக நீக்கும் விதியையும் சேர்த்தே அமையுங்கள். சொந்தச் சேவையகத்தில்தான் வைக்க வேண்டுமென்றால் டஸ் என்ற திறந்த நெறிமுறை இதற்கென்றே இருக்கிறது: எதுவரை வந்து சேர்ந்தது என்று உலாவி கேட்டு, அந்த இடத்திலிருந்து தொடரும்.

படமின்றி ஒலி மட்டும் கேட்பதற்கு மிகப் பெரும்பாலும் காரணம் கோடெக், அதாவது படத்தைச் சுருக்கி எழுதும் முறை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், ஐபோன் 7உம் அதற்குப் பிந்தைய கருவிகளும் இயல்பாகவே எச்இவிசி என்ற சிக்கனமான வடிவத்தில் பதிகின்றன. சஃபாரி அதை ஓட்டும். குரோம் 2022இல்தான் ஆதரவு கொடுத்தது, அதுவும் கணினியின் வன்பொருள் அதைப் படிக்க முடிந்தால் மட்டுமே. ஆசிரியரின் பழைய மடிக்கணினியில் அது ஓடும் என்று நம்ப வழியில்லை. எச்.264 படமும் ஏஏசி ஒலியும் கொண்ட எம்பி4 கோப்பு இன்று புழக்கத்தில் உள்ள உலாவிகள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. எனவே வரும் கோப்பு எதுவாயினும் எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் கருவி கொண்டு இந்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது உங்கள் பயன்பாட்டுக்கு முக்கியமானவை சில உண்டு. படத்தை 720பி அளவுக்குக் குறைக்கலாம், ஒலியைக் குறைக்காதீர்கள். பாட்டு வகுப்பில் ஆசிரியர் கேட்பது ஒலியைத்தான் என்பதால் நான் ஏஏசிக்கு 160 கேபிபிஎஸ் ஒதுக்குவேன். புதிய ஐபோன்கள் எச்டிஆர் என்ற விரிந்த ஒளி வீச்சு வடிவில் பதிவதால், 8 பிட் படத்துக்கு மாற்றும்போது வண்ணத்தையும் முறையாக மாற்றும்படி சொல்லாவிட்டால் முகம் வெளிறித் தெரியும். அடுத்தது கீஃப்ரேம், அதாவது மற்றச் சட்டகங்களைச் சாராமல் முழுதாகச் சேமிக்கப்படும் சட்டகம். எச்.264 வடிவில் எழுதும் எக்ஸ்264 நிரல் இயல்பாக 250 சட்டகங்கள் வரை கீஃப்ரேம் இல்லாமல் போகும். ஆசிரியர் 2 நிமிடம் 14ஆம் விநாடியைத் தொட்டால், உலாவி ஏறக்குறைய எட்டு விநாடி வரை பின்னாலிருந்து படித்து வர நேரலாம். இரண்டு விநாடிக்கு ஒரு கீஃப்ரேம் என்று வைத்தால் கோப்பு சற்றே பெரிதாகும், ஆனால் தொட்ட இடத்தில் உடனே ஓடும். கோப்பின் அட்டவணையான மூவ் பகுதி இயல்பாக இறுதியில் எழுதப்படுகிறது. ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்ற தெரிவைக் கொடுத்தால் அது முன்னுக்கு வந்து, முழுதும் இறங்கும் முன்பே காணொளி தொடங்கிவிடும்.

இந்த மாற்றத்தை வலைக் கோரிக்கைக்குள் செய்யாதீர்கள். வரிசையில் போட்டு, தனிப் பணியாளர் நிரல் எடுத்துச் செய்யட்டும். ஏறியது, மாறுகிறது, தயார், தோல்வி என்ற நிலைகளைத் தரவுத்தளத்தில் வைத்து மாணவருக்குக் காட்டுங்கள். மாற்றும் முன், எஃப்எஃப்எம்பெக்குடன் வரும் எஃப்எஃப்புரோப் கொண்டு கோப்பின் நீளத்தையும் உள்ளடக்கத்தையும் சோதியுங்கள். பெயரின் கடைசியில் உள்ள எம்பி4 எதையும் உறுதிப்படுத்தாது. காணொளி போல வேடமிட்ட எச்எல்எஸ் பட்டியலை (காணொளித் துண்டுகளின் முகவரிகளை அடுக்கிய கோப்பை) ஏற்றி, எஃப்எஃப்எம்பெக் வழியாகச் சேவையகத்தின் உள்கோப்புகளையே படித்துவிடக்கூடிய ஓட்டை 2016இல் வெளிவந்தது. அது அடைக்கப்பட்டுவிட்டாலும், அந்நியர் அனுப்பும் கோப்பைத் திறக்கும் நிரலை இணையத் தொடர்பற்ற, நேர வரம்புள்ள தனிக் கொள்கலனில்தான் ஓட்ட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நடுவிலிருந்து ஓட்டினால் நிற்பது பெரும்பாலும் சேவையகம் ரேஞ்ச் கோரிக்கையை மதிக்காததால் வருகிறது. உலாவி கோப்பின் ஒரு பகுதியைக் கேட்டால் 206 என்ற விடையுடன் அந்தப் பகுதியை மட்டும் தர வேண்டும். உங்கள் நிரலே கோப்பைப் படித்து முழுதாகத் தள்ளினால் சஃபாரி ஓட்டவே மறுக்கலாம். என்ஜின்எக்ஸோ பொருள் சேமிப்பகமோ நேரடியாகப் பரிமாறினால் இது தானாகவே சரியாகிவிடும்.

எச்எல்எஸ் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆப்பிள் 2009இல் அறிமுகப்படுத்திய அந்த முறை, காணொளியைச் சிறு துண்டுகளாக்கி, இணைப்பின் வேகத்துக்கேற்பத் தரத்தை மாற்றித் தருகிறது. ஒரு மணி நேர விரிவுரைகளுக்கும் ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் நிகழ்ச்சிகளுக்கும் அது தேவை. ஒரு ஆசிரியர் மட்டும் பார்க்கும் பத்து நிமிடப் பயிற்சிக்கு ஒரே எம்பி4 கோப்பு போதும் என்பதே என் கருத்து.

உலாவியிலேயே பதியும் வசதியைப் பின்னர் சேர்ப்பதாக இருந்தால் ஒரு செய்தியை இப்போதே சொல்ல வேண்டும், ஏனெனில் இசைக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. உலாவிகள் ஒலிவாங்கியைப் பேச்சுக்கு ஏற்றபடி திறக்கின்றன: எதிரொலி நீக்கம், இரைச்சல் நீக்கம், ஒலி அளவைத் தானாகச் சமன்செய்தல் ஆகியவை பொதுவாக இயங்கும் நிலையிலேயே இருக்கும். இடைவிடாமல் ஒலிக்கும் தம்பூராவை இரைச்சல் என்று கருதி அது அமுக்கிவிடும். மெல்லப் பாடிய இடமும் ஓங்கிப் பாடிய இடமும் ஒரே அளவில் கேட்கும். சுருதி சேர்ந்திருக்கிறதா என்று ஆசிரியர் எதை வைத்துச் சொல்வார்? மூன்றையும் வேண்டாமென்று நிரலில் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். மேலும் குரோமில் பதிவு செய்யும் மீடியாரெக்கார்டர் வசதி தரும் வெப்எம் வகைக் காணொளிக் கோப்பில் மொத்த நீளம் பதிவாகியிருப்பதில்லை, ஆதலால் அதில் முன்னும் பின்னும் நகர்த்துவது தடுமாறும். மேலே சொன்ன மாற்றும் பணி இருந்தால் இதுவும் அங்கேயே சரியாகிவிடும்.

மாணவர்களில் பலர் சிறுவர்களாக இருப்பார்கள். கோப்புகளைப் பொதுவெளியில் வைக்காமல், உள்நுழைந்த ஆசிரியருக்கு மட்டும் சில மணி நேரம் செல்லும் கையொப்ப முகவரியைக் கொடுங்கள். பார்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு நெடுநேரம் கழித்துத் தொடர்ந்தால் அந்த முகவரி காலாவதியாகி 403 பிழை வரும். அப்போது புதிய முகவரியைப் பெற்று, விட்ட விநாடியிலிருந்தே தொடரும்படி எழுதுங்கள். மாணவர் தம் காணொளியை நீக்கச் சொன்னால் மூலக்கோப்பு, மாற்றிய கோப்பு, முகப்புப் படம் ஆகிய மூன்றும் நீங்க வேண்டும். இவற்றை ஒரே அடையாள எண்ணின் கீழ், ஒரே அடைவில் வைத்திருந்தால் எதுவும் விடுபடாது.