நீங்களே செய்யும் எழுதுமேசை: எந்த மரம், எந்தப் பூச்சு?

எழுதவும் கணினி வைக்கவும் 5 அடி நீளம், 2 அடி அகலத்தில் தானே ஒரு மேசை செய்யப் போவதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தேக்கு வாங்குவதா, பைன் போதுமா, பிளைவுட் என்றால் மட்டமா, எண்ணெய் தேய்ப்பதா வார்னிஷ் அடிப்பதா என்று கேட்கிறார். சூடான கோப்பையை வைத்தால் வட்டம் விழக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. கையில் இருப்பது ஒரு ரம்பம், ஒரு டிரில், கொஞ்சம் உப்புத்தாள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். மேல்பலகைக்கு நல்ல பிளைவுட், அதைச் சுற்றி மரச்சட்டத்தால் விளிம்பு, கால்களும் கீழ்ச்சட்டமும் முழு மரம், மேலே பாலியூரித்தேன் பூச்சு, அதாவது காய்ந்ததும் பிளாஸ்டிக்போல் இறுகும் ஒரு வகை வார்னிஷ். முதல் மேசைக்கு, அதுவும் உங்களிடம் இருக்கிற கருவிகளுக்கு, நான் இதைத்தான் சொல்வேன்.

பிளைவுட் மட்டம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். மரத்தை வெட்டி, அறுத்து, இழைத்த பிறகும் அது காற்றிலிருந்து ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். ஈரம் ஏறினால் அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது. 2 அடி அகலமுள்ள மரப்பலகை, மரத்தையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்து, மழைக்காலத்துக்கும் வெயில்காலத்துக்கும் இடையே 3 முதல் 8 மில்லிமீட்டர் வரை அகலம் மாறும். அதைக் கீழ்ச்சட்டத்தோடு பசை போட்டு, திருகாணியால் இறுக்கிவிட்டால், பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது, கடைசியில் பலகைதான் பிளக்கும். என் முதல் மேசைக்கு இதுதான் நடந்தது. ஆசை ஆசையாகத் தேடிப் பிடித்த பலகை, அசையக் கூடாதென்று 12 திருகாணி போட்டேன், அடுத்த வெயிலில் ஓரத்திலிருந்து ஒரு முழம் நீளத்துக்கு விரிசல். பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கின் நாரும் அடுத்த அடுக்குக்குக் குறுக்காக இருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்திவிடும், அளவு மாறுவது மிகக் குறைவு. அதனால் சட்டத்தோடு தைரியமாகத் திருகலாம்.

ஆனால் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை வெறுமனே 4 காலில் வைத்தால் 5 அடி நீளத்துக்கு நடுவில் தொய்ந்துபோகும். தடிமன் இரட்டிப்பானால் விறைப்பு 8 மடங்காகும், எனவே இரண்டு பலகைகளைப் பசை போட்டு ஒட்டுவது ஒரு வழி, ஆனால் பாரம் அதிகம். எனக்குப் பிடித்த வழி, முன்பக்கமும் பின்பக்கமும் பலகைக்கு அடியில் 60, 70 மில்லிமீட்டர் உயரமுள்ள சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டுவது, முழங்கால் இடிக்காத உயரமா என்று மட்டும் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை, மழமழவென்று இருக்கும், ஆனால் சீக்கிரம் தொய்யும், விளிம்பில் திருகு நிற்காது, தண்ணீர் பட்டால் விளிம்பு ஊதிப்போய் பழைய நிலைக்குத் திரும்பாது. மேசைக்கு வேண்டாம்.

இல்லை, முழு மரத்தில்தான் வேண்டும் என்றால் மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஈரத்தைக் கேளுங்கள். வீட்டுக்குள் இருக்கும் மரச்சாமானுக்கு 8 முதல் 12 சதவீதம் ஈரம் சரி, குத்திப் பார்க்கிற ஈரமானி ஒன்று இருந்தால் ஒரு நிமிட வேலை. அரைகுறையாய்க் காய்ந்த தேக்கைவிட நன்றாகக் காய்ந்த சாதாரண மரம் எவ்வளவோ மேல். வாங்கி வந்ததும், மேசை இருக்கப்போகும் அறையிலேயே குச்சிகளை இடையில் வைத்து அடுக்கி 2, 3 வாரம் விடுங்கள். சட்டத்தில் திருகு போகும் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீளத் துளைகளாக்குங்கள், மரம் நகர இடம் கிடைக்கும்.

மரங்களில், தேக்கு அதிகம் நகராது, பூச்சியும் எளிதில் அண்டாது. வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான் இந்தப் பெருமை, ஓரத்து வெளிர்ப்பகுதிக்கு அது கிடையாது. ரப்பர் மரம் மேசைக்கு நல்ல கெட்டி, பூச்சும் சீராகப் பிடிக்கும், ஆனால் பூச்சி அரிக்கும், மருந்து ஏற்றிய பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும். பைன் மென்மையானது. ஒற்றைத் தாளை வைத்து அழுத்தி எழுதினால் எழுத்து மரத்திலேயே பதியும், நிறச்சாயம் பூசினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கால்களுக்குப் பைன் சரி, மேல்பலகைக்கு எனக்கு மனமில்லை.

அப்புறம் பூச்சு. மேசைக்கு வெயிலும் மழையும் கிடையாது, தினமும் பல மணி நேரம் முழங்கையும் வியர்வையும் கோப்பையும்தான் எதிரி. ஆளிவிதை எண்ணெய் தேய்த்த மரத்தைத் தொட்டால் மரத்தையே தொடுவதுபோல் இருக்கும், கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்துச் சரிசெய்யலாம், ஆனால் ஈரக் கோப்பை சுவடு விடும், அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். அரக்கு பாலிஷின் அழகுக்கு ஈடே இல்லை, இருந்தும் சூடான கோப்பை வைத்தால் வெள்ளை வட்டம் விழும், சாராயம் கலந்த எதுவும் அதைக் கரைத்துவிடும். உங்கள் நிபந்தனைக்கு இரண்டும் ஒத்துவராது. பாலியூரித்தேன் தாங்கும், அடுப்பிலிருந்து நேராக இறக்கிய பாத்திரத்தை மட்டும் வைக்காதீர்கள். எண்ணெய்வகை கொஞ்சம் தேன்நிறம் கொடுக்கும், நீர்வகை நிறம் மாற்றாது, சீக்கிரம் காயும். ஹார்ட்னர் என்ற இறுக வைக்கும் திரவத்தைக் கலந்து ஸ்ப்ரே அடிக்கும் இரண்டு டப்பா வகை வீட்டில் வேண்டாம், அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலுக்குக் கெடுதல்.

முதல் தடவை பிரஷ்ஷால் அடித்தால் கோடும் வழிசலும் வரத்தான் செய்யும். எண்ணெய்வகை பாலியூரித்தேனைச் சரிபாதி டர்பன்டைனில் கலந்து, நூல் உதிராத பருத்தித் துணியால் மெல்லிசாகத் துடைத்துவிடுங்கள், 5, 6 முறை. அதற்கு முன் மரச்சட்டங்களை 120, 180, 220 என்று வரிசையாக உப்புத்தாள் (எண் கூடக் கூட நைசானது) போட்டுத் தேயுங்கள், நார் ஓடும் திசையில் மட்டும். பிளைவுட்டின் மேல்தோல் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அங்கே 180-லேயே தொடங்கி மெதுவாகத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் தோல் கிழிந்து அடியிலுள்ள அடுக்கு தெரியும். தேக்காக இருந்தால், அதிலுள்ள எண்ணெய் பூச்சைக் காயவிடாது, பூசுவதற்குச் சற்று முன் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். பலகையின் அடிப்பக்கத்துக்கும் பூசுங்கள், ஒரு பக்கம் மட்டும் பூசினால் இரு பக்கமும் ஈரம் வாங்கும் வேகம் மாறி மரப்பலகை கோணும். பளபளப்பு வகையைவிட மேட் வகை நல்லது, விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்காது, ஆனால் டப்பாவின் அடியில் படிந்திருப்பதை நன்றாகக் கலக்கிவிட்டு எடுங்கள். எல்லாவற்றையும் முதலில் ஒரு மிச்சத் துண்டில் செய்து பாருங்கள்.

இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்: எண்ணெய், எண்ணெய்வகைப் பூச்சு தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. காயும்போது அவை சூடாகும், குவிந்து கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றை ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் மூழ்க வையுங்கள்.

கடைசிப் பூச்சு மறுநாளே காய்ந்ததுபோல் இருக்கும், முழுதாக இறுக 3, 4 வாரம் ஆகும். 2, 3 நாள் கழித்து எழுதத் தொடங்கலாம், ஆனால் அந்த ஒரு மாதத்துக்கு விரிப்பு போட்டு மூடாதீர்கள், ரப்பர் அடிப்பாகம் உள்ள கணினித்திரையை ஒரே இடத்தில் அசையாமல் வைக்காதீர்கள், அடையாளம் பதிந்துவிடும்.