மகனுக்கு இதொன்றும் தெரியாதாம்!

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. பல்கலைக்கழகத்தில் ஜேர்மன் படிக்கிறாள். மூன்றாம் வருடத்தை ஜேர்மனியில் கழிக்க வேண்டுமாம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில உதவி ஆசிரியராக இடம் கிடைத்திருக்கிறது. ஊர் கோர்லிட்ஸ், போலந்து எல்லையில் இருக்கிறது. கிழக்கு ஜேர்மனியில் எங்கள் ஆட்களைப் பிடிக்காது என்கிறார்கள். 1984இல் 19 வயதில் ஜேர்மனிக்குப் போன என் பெரியண்ணர் இப்போது ஹம் நகரில் இருக்கிறார். அவருடைய வீட்டுக்குக் கிட்ட மாற்றிக் கேள் என்றால் மாட்டேன் என்கிறாள். கோர்லிட்ஸ் இருக்கிற சக்சனி மாநிலத்தை அவளேதான் கேட்டு எழுதினாளாம். கணவருக்கு இரவு வேலை. எனக்குச் சீனி வருத்தம். ஆஸ்பத்திரிக்கு அவள்தான் கூட்டிக்கொண்டு போவாள், வீட்டுக்கு வருகிற கடிதங்களையும் சின்ன வயதிலிருந்து அவள்தான் பார்க்கிறாள். மகனுக்கு 19 வயது, வீட்டில்தான் இருக்கிறான். ஆனால் ஆம்பிளைப்பிள்ளை, அவனுக்கு இதொன்றும் தெரியாது. ஒரு குமர்ப்பிள்ளையைத் தனியே அனுப்புவதா?
— ஒரு தாய், லண்டன்

பதில்: கடிதம் முழுக்க ஜேர்மனி. ஆனால் எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். மகனுக்கு 19 வயது, ஆம்பிளைப்பிள்ளை, அவனுக்கு இதொன்றும் தெரியாது என்று பேச்சோடு பேச்சாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

ஏன் தெரியாது? லண்டனில் படித்து, நண்பர்களோடு நாள் முழுக்க ஆங்கிலத்தில் கதைக்கிற பிள்ளைக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தை உடைத்து வாசிக்கத் தெரியாதா? ஜி.பி.க்கு போன் எடுத்து அப்பொயின்ட்மென்டை வேறு நாளுக்கு மாற்றத் தெரியாதா? தன்னுடைய போன் பழுதானால் யாரிடம் போக வேண்டும், காசை எப்படித் திருப்பிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு வடிவாகத் தெரிந்திருக்கும். தெரியாதது உங்கள் சீனி வருத்தம் மட்டும்தான். அதைத் தெரியாமல் அவனை வளர்த்தவர் நீங்கள்.

உங்கள் கடிதத்தில் 19 வயது இன்னோர் இடத்திலும் வருகிறது. அந்தக் காலத்தில் எங்கள் பெடியன்கள் கனபேர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்தில் ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் போனார்கள். இரண்டு பெர்லினுக்கும் இடையில் இருந்ததை ஓர் எல்லை என்றே மேற்கு ஜேர்மனி ஏற்றுக்கொள்ளாததால், மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பார்க்க ஆளில்லை. உங்கள் அண்ணரும் அப்படித்தான் போயிருப்பார். ஒரு சொல் ஜேர்மன் தெரியாது, போய் இறங்கினால் யார் வீடு என்றும் தெரியாது. 19 வயதுப் பிள்ளை எப்படியும் சமாளிப்பான் என்று நம்பித்தான் உங்கள் வீட்டில் அனுப்பினார்கள். அதே குடும்பத்தில் இன்றைக்கு இன்னொரு 19 வயது. அவனால் தாயை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாதாம். இதை நீங்கள் எனக்கு ஒரு காரணமாக எழுதுகிறீர்கள்.

தாய் தகப்பனைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. பதினெட்டு வயதானால் அவரவர் பாடு என்கிற வழக்கம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனால் பிள்ளைகள் என்றால் எல்லாப் பிள்ளைகளும்தான். உங்கள் வீட்டில் ஒருத்தி தலையில் அத்தனையையும் ஏற்றிவிட்டு, மற்றவனுக்குச் சோறு போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். நாளைக்கு அவள் கலியாணம் கட்டிப் போனால் என்ன செய்வதாக எண்ணம்? அப்போதும் குமர்ப்பிள்ளை, கிழக்கு ஜேர்மனி என்று சொல்ல முடியாதே.

சக்சனியை அவளாகவே கேட்டு எழுதினாள் என்பதை ஒரு குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஹம்மில் மாமா வீடு இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நாட்டின் மற்ற அந்தத்தைக் கேட்டிருக்கிறாள். அங்கே போனால் ஒரு வருடத்துக்காவது யாருடைய கடிதத்தையும் உடைக்க வேண்டியதில்லை என்று அவள் நினைத்திருந்தால், அந்த நினைப்பை அவளுக்குக் கொடுத்தது யார்? கிடைத்த இடத்தை இப்போது மாற்றிக் கேட்கச் சொல்வதும் புத்தியில்லை. விருப்பத்தை விண்ணப்பத்தில் எழுதலாம், பள்ளிக்கூடத்தை முடிவு செய்வது இடம் ஒதுக்குகிறவர்கள்தான்.

சரி, அவள் அங்கே செய்யப்போகிற வேலையைச் சொல்கிறேன், அதைக் கேட்டறிந்த மாதிரித் தெரியவில்லை. கிழமைக்கு 12 பாடம், ஒவ்வொன்றும் 45 நிமிடம். வகுப்புக்குப் பொறுப்பு அங்குள்ள ஆசிரியர். இவள் பிள்ளைகளை ஆங்கிலத்தில் கதைக்க வைக்க வேண்டும். பல பள்ளிக்கூடங்கள் காலை எட்டு மணிக்கு முன்னரே தொடங்கிவிடும். 13, 14 வயதுப் பிள்ளைகளிடம், சனி ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டால் முதலில் மேசையைத்தான் பார்ப்பார்கள். ஒருவன் வாயைத் திறந்து பிழையாகவாவது ஒரு வசனம் சொல்லும் வரைக்கும் அவசரப்படாமல் இருக்க வேண்டும். டொக்டர் சொன்னதைத் தாய்க்கு இரண்டு தரம், மூன்று தரம் விளங்கப்படுத்தி வளர்ந்தவளுக்கு அந்தப் பொறுமை இருக்கும்.

கடதாசி வேலையும் அப்படித்தான். குடியேறி இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் எழுதித் தருகிற பத்திரம் வேண்டும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு என்றால் விசா இல்லாமல் உள்ளே போகலாம், ஆனால் மூன்று மாதத்துக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அறை வாடகைக்கு எடுத்தால் மூன்று மாத வாடகை வரைக்கும் முற்பணம் கேட்பார்கள். ரி.வி. இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம். பாதிப்பேர் இதைக் கண்டு திணறுவார்கள். கவுன்சில் படிவங்களோடு வளர்ந்த உங்கள் மகள் திணற மாட்டாள். அந்தப் பெருமையில் உங்களுக்கும் பங்குண்டு என்று என்னிடமிருந்து எதிர்பார்க்க வேண்டாம்.

பயத்துக்கு வருவோம். பொய்யான பயம் என்று சொல்ல மாட்டேன். குடியேற்றத்தை எதிர்க்கிற ஏ.எஃப்.டி. கட்சி 2024 சக்சனி மாநிலத் தேர்தலில் 30 சதவீதத்துக்கு மேல் வாக்கு எடுத்தது. தெருவில் சிலர் முறைப்பார்கள், குடித்தவன் ஏதாவது சொல்வான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. நவம்பரில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டும், அந்த நேரத்தில் ஊரில் ஒருவரையும் தெரியாமல் அறைக்குள் இருப்பது லேசான காரியமில்லை. இரவில் எந்தப் பக்கம் போகக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் முதல் கிழமையே கேட்டு வைக்கட்டும். பொலிஸுக்கு 110, அம்புலன்ஸுக்கு 112. அறையைத் தனியே எடுக்காமல், மற்ற இளம் பிள்ளைகளோடு பங்கு போட்டு இருக்கிற வீடாகத் தேடட்டும். இவ்வளவும் செய்யலாம். இதற்கு மேல் பயந்துகொண்டிருக்கிறீர்கள் என்றால், அவளுக்காகத்தான் பயப்படுகிறீர்களா என்று உங்களையே கேளுங்கள்.

இனி வேலைக்கு வாருங்கள். மகள் போவதற்கு முன்னர் நடக்கிற அடுத்த கண் பரிசோதனைக்கோ இரத்தப் பரிசோதனைக்கோ மகன் வர வேண்டும். மகள் வீட்டில் நிற்கட்டும். கூடப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவள் கிளம்பினாலும் விடாதீர்கள், போனால் அவளே எல்லாம் செய்துவிடுவாள். நீங்கள் எந்த நேரம் எந்தக் குளிசை போடுகிறீர்கள் என்பதை அவன் தன் கையால் எழுதி வைக்கட்டும். ஒரு கடிதத்தைப் பிந்திப் பார்த்து ஓர் அப்பொயின்ட்மென்ட் தவறும். தவறட்டும், அடுத்ததைத் தவறவிட மாட்டான். மகனுக்கு முன்னால் சொல்லக் கூச்சமான வருத்தம் என்றால் ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், முன்கூட்டியே சொன்னால் ஒழுங்கு செய்வார்கள், காசில்லை. கணவருக்கு இரவு வேலை என்றால் பகலில் ஒரு மணித்தியாலமாவது விழித்திருப்பார்தானே? அவரையும் கூப்பிடுங்கள்.

கோபிக்காதீர்கள், இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜேர்மன் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பழக்கப் போகிறாள் உங்கள் மகள். அவளுடைய தாய்க்கு லண்டனில் ஒரு கடிதம் வாசிக்க ஆள் வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு உங்கள் பக்கத்துக் கல்லூரியிலும் இருக்கும். செப்டெம்பரில் அவள் அங்கே வகுப்புக்குள் போகிற நேரம் நீங்கள் இங்கே ஒரு வகுப்பில் இருக்கலாம்.

மகளுக்கும் ஒன்று சொல்வேன். தூரத்தைக் கேட்டு வாங்கியது சரி, தொலைந்து போவது சரியில்லை. கிழமைக்கு ஒருமுறை தாயோடு கதைக்க வேண்டும், கடிதத்தைப் பற்றியல்ல. நத்தார் விடுமுறையில் பள்ளிக்கூடம் இரண்டு கிழமையளவில் பூட்டுவார்கள், அப்போது ஹம்முக்குப் போய் மாமா வீட்டில் நிற்கட்டும். காமாட்சி அம்பாள் கோயிலுக்கும் போய்வரலாம், 2002இல் கும்பாபிஷேகம் செய்த பெரிய கோயில். தனியாக வந்து இறங்கிய முதல் மாதத்தை எப்படிக் கடத்துவது என்று அவளுக்குச் சொல்ல அந்த வீட்டில் உங்கள் அண்ணரைவிடப் பொருத்தமான ஆளில்லை. அவருக்கு போன் எடுத்து இதையெல்லாம் நீங்களே சொல்லுங்கள். அதையும் மகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.