எண்ணெய் கொப்பளித்தும் ஈறில் ரத்தம் நிற்கவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 41. ஆறு மாதமாகத் தினமும் காலையில் 20 நிமிடம் ஆயில் புல்லிங் செய்கிறேன். வாய் நாற்றம் குறைந்திருக்கிறது. ஆனால் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிவது நிற்கவில்லை. ஸ்கேலிங் (பல் மருத்துவரிடம் கருவியால் பல்லைச் சுத்தம் செய்வது) செய்தால் பல் ஆடிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். இன்னும் அதிக நேரம் கொப்பளித்தால் சரியாகுமா? எந்த எண்ணெய் நல்லது?

பதில்: சரியாகாது. நேரத்தைக் கூட்டினால் தாடைதான் வலிக்கும்.

நாக்கு நுனியால் கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று ஏதாவது தட்டுப்பட்டால் அது அநேகமாகக் காரை. நாக்குக்கு அடியில் உமிழ்நீர் வந்து விழும் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. பல்லில் ஒட்டிய கிருமிப் படலத்தைத் துலக்கி எடுக்காமல் விட்டால், உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் படிந்து கல்லாகிவிடும், அதுதான் காரை. கல்லான பிறகு எண்ணெய்க்கும் கரையாது, பிரஷ்ஷுக்கும் பெயராது. அந்தச் சொரசொரப்பில் புதுப் படலம் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஈறு வீங்கி ரத்தம் கசிவதும் தொடரும்.

அதை எடுக்க ஸ்கேலிங்தான் வழி. பல் ஆடிவிடும் என்ற பயம் எங்கிருந்து வருகிறதென்றால், காரை பல்லிடுக்குகளில் சிமென்ட் பூசினாற்போல் இறுகியிருக்கும். எடுத்ததும் இடைவெளி தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். பல் நிஜமாகவே ஆடினால், அடியில் எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கிறது, காரை அதை மறைத்து வைத்திருந்தது என்று பொருள். அப்படியானால் இன்னும் சீக்கிரம் போயிருக்க வேண்டும்.

எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. ஆயுர்வேதத்தில் இதற்கு இரண்டு முறைகள் உண்டு. வாயில் அசைத்துக் கொப்பளிக்கும் அளவுக்கு எடுத்தால் கவளம், அசைக்க இடமில்லாமல் நிறைத்து வைத்திருந்தால் கண்டூஷம். 2009-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், 10 நாள் நல்லெண்ணெய் கொப்பளித்த சிறுவர்களுக்கு ஈறு வீக்கம் குறைந்தது. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 20 பேர். அதை வைத்துக்கொண்டு பிரஷ்ஷைத் தூக்கிப் போட முடியாது.

இன்னொன்று. துப்பும் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பதைப் பார்த்து, "நச்செல்லாம் வெளியே வருது டாக்டர்" என்று பலர் பூரித்துப் போவார்கள். எண்ணெயும் உமிழ்நீரும் கலந்து கடையப்பட்டதால் வந்த வெள்ளை அது. மூடிய சீசாவில் எண்ணெயையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கினாலும் அப்படித்தான் வெளுக்கும், என்ன, கொஞ்ச நேரத்தில் பிரிந்துவிடும்.

தொடர்ந்து செய்ய ஆசையென்றால் இரண்டு தேக்கரண்டி எண்ணெய், ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். தலையை அண்ணாந்து தொண்டையில் களகளக்க வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வந்தவர்கள் உண்டு. சிறு குழந்தைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் இது வேண்டவே வேண்டாம். முடித்ததும் குப்பைக் காகிதத்தில் துப்புங்கள், வாஷ்பேசின் குழாய் அடைக்காது. பிறகு ஃப்ளோரைடு பேஸ்ட்டால் இரண்டு நிமிடம் துலக்குங்கள். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறவர்கள் அதிகம், நீங்களும் விட்டிருப்பீர்கள். அங்கேதான் மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் சாய்த்து வைத்து மெதுவாகத் துலக்க வேண்டும்.

ஸ்கேலிங் முடிந்து இரண்டு வாரமாகியும் கசிவு நிற்காவிட்டால் மறுபடி காட்டுங்கள், சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எந்த எண்ணெய் என்று கேட்டீர்கள். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் இரண்டும் ஒன்றுதான். எதன் ருசி குமட்டவில்லையோ அதை எடுங்கள்.