தபால் பை: அந்த அட்டை எம்டனில் இருந்து வந்ததா?

கேள்வி: அப்பாவின் பழைய ஆல்பத்தில் பச்சைத் தபால்தலை ஒட்டிய ஒரு ஜெர்மன் அஞ்சலட்டை இருக்கிறது. ஓரத்தில் பேனாவால் ‘எம்டன்’ என்று எழுதியிருக்கிறார்கள். முத்திரையில் கப்பல் பெயர் இல்லை, ஒரு எண் மட்டும்தான். முதல் உலகப் போரில் சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் கப்பலா இது?
– வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: முதலில் தபால்தலையை ஆவியில் காட்டி உரிக்க வேண்டாம், தலையை உரித்துவிட்டால் அட்டைக்கு மதிப்பே போய்விடும். அப்புறம் பூதக்கண்ணாடி வைத்து முத்திரையில் தேதியைப் பாருங்கள், அதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்தக் காலத்து ஜெர்மன் போர்க்கப்பல்களில் தனியாகத் தபால் அலுவலகம் உண்டு, உலகத்தின் எந்த மூலையில் நின்றாலும் மாலுமி உள்நாட்டுக் கட்டணத்திலேயே ஊருக்கு எழுதலாம். உங்கள் பச்சைத் தலை அந்த 5 பெனிக் (ஜெர்மன் காசு) அட்டைக் கட்டணமாகத்தான் இருக்கும். முத்திரையில் எண் மட்டும் இருப்பது வழக்கம்தான். ஒரு கப்பல் ஓய்வுக்குப் போனால் அதே எண் வேறு கப்பலுக்குப் போய்விடும், அதனால் எண்ணையும் தேதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் கப்பல் எது என்று தெரியும். எம்டன் 1909-ல் சேவைக்கு வந்தது, 1910-ல் சீனக் கடற்கரையில் இருந்த ஜெர்மன் தளமான சிங்தாவுக்குப் போனது. 1910 முதல் 1914 ஜூலை வரையிலான தேதி என்றால் நம்பிக்கை வைக்கலாம். 1930கள் என்றால் அது 1925-ல் சேவைக்கு வந்த இன்னொரு எம்டன். பழைய பேர், புதுக் கப்பல். பேனா எழுத்தை மட்டும் நம்பாதீர்கள், விற்கிறவன் கையிலும் பேனா உண்டு.

கேள்வி: எம்டன் போர்ட் லூயி வரை வந்துவிட்டுப் போனதாக எங்கள் தாத்தா சொல்லுவார். நிஜமா?
– வாசகர், போர்ட் லூயி

பதில்: தாத்தா சொன்னதில் பாதி சரி. போர்ட் லூயிக்கு வரவில்லை, அன்றைக்கு மொரீஷியஸ் ஆட்சியில் இருந்த டியாகோ கார்சியாவுக்கு வந்தது. இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு வந்த கப்பல், அக்டோபர் 9-ஆம் தேதி அந்தத் தீவில் நங்கூரம் போட்டது. தீவுக்காரர்களுக்கோ போர் நடப்பதே தெரியாது! தந்திக் கம்பி கிடையாது, இங்கிருந்து எப்போதாவது போகும் கப்பல்தான் அவர்களுக்குத் தபால், அது போர் மூண்ட பிறகு இன்னும் போய்ச் சேரவில்லை. கப்பல்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. அடிப்பாகத்தைச் சுரண்டி, நிலக்கரி ஏற்றி, கெட்டுக் கிடந்த தோட்ட மேலாளரின் மோட்டார் படகைக்கூடச் சரிசெய்து கொடுத்தார்கள். பதிலுக்கு மீனும் பன்றியும் கிடைத்தன. மறுநாளே கிளம்பிவிட்டார்கள். தேடி வந்த பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து சேர்ந்தபோது தீவு காலி. இவ்வளவு சாமர்த்தியம் காட்டியதால்தானே நம் வீடுகளில் கில்லாடி ஆளை ‘எம்டன்’ என்கிறோம், எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், பேர் சொன்னால் சண்டை வரும்.

தபால் எட்டாத தீவில் தப்பித்த கப்பல், தந்தி இருந்த தீவில் மாட்டிக்கொண்டது. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை உடைக்கப் போனது. பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரிய நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி வைத்திருந்தார்கள், கரையில் இருந்தவர்களுக்கு அது துணி என்று தெரிந்துவிட்டது. அந்நியக் கப்பல் வருகிறது என்று உடனே கம்பியில்லாத் தந்தியில் செய்தி போனது. அருகில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் சில மணி நேரத்தில் வந்துவிட்டது. சண்டை முடிந்தபோது எம்டன் பவளப்பாறைமேல் ஏறி நின்றது. பிழைத்தவர்களில் பலரும், கேப்டன் முல்லரும், மால்டாவில் கைதியாக இருந்தார்கள். ஆகவே அந்த அட்டையில் 1914 நவம்பருக்குப் பிந்தைய தேதி இருந்தால், அது அந்தக் கப்பலின் தபால் பையில் இருந்து வந்திருக்க முடியாது.