ஏழ்மை மிகுந்த பகுதியில் சமூக மையமும் மலிவு விலை பேன்ட்ரியும் நடத்துவது எப்படி? இலவசமாகவே கொடுத்துவிடக் கூடாதா?

கேள்வியின் இரண்டாம் பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நன்கொடை கேட்டுப் போகும் இடத்திலெல்லாம் என்னிடம் கேட்பது அதைத்தான்.

நாங்கள் சிலர் சேர்ந்து இப்படியொரு மையத்தைச் சில ஆண்டுகளாக நடத்துகிறோம். பேன்ட்ரி என்பது அதிலுள்ள மளிகைக் கடை மாதிரியான பகுதி: உறுப்பினர்கள் வாரம் ஒருமுறை வந்து சிறு தொகை கட்டிவிட்டு, அதைப்போலப் பல மடங்கு மதிப்புள்ள மளிகையைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்தச் சிறு தொகையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வருமானத்துக்காக இல்லை, அது ஃப்ரிட்ஜ்களின் மின்கட்டணத்துக்கே காணாது. ஆனால் காசு கொடுத்தவருக்குக் குறை சொல்லும் உரிமை வந்துவிடுகிறது. “போன வாரம் எடுத்த முட்டையில ரெண்டு அழுகல்” என்று ஒரு பாட்டி எங்களிடம் சண்டைக்கே வந்தார். சும்மா கொடுத்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார், எங்களுக்கும் விஷயம் தெரிந்திருக்காது.

அதற்காக இலவசமே கூடாது என்று சொல்லவில்லை. நேற்று வேலை போய் இன்று வந்து நிற்கிறவரிடம் உறுப்பினர் அட்டை கேட்க முடியுமா? அங்கே இலவசமாக உணவு தரும் உணவு வங்கிதான் சரி. 1967இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் அதைத் தொடங்கினார். கடைகளின் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட ஒரு தாய்தான், போட்டுவைக்கவும் எடுத்துக்கொள்ளவும் வங்கி மாதிரி ஓர் இடம் வேண்டும் என்று அவரிடம் சொன்னாராம். பேன்ட்ரி அதற்கு அடுத்த கட்டம். அவசரம் தீர்ந்த பிறகும் மாதக் கடைசி இழுபறியாகவே இருக்கும் குடும்பங்களுக்கானது. 2013இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் ஒன்று தொடங்கி, பிறகு அந்த நாட்டில் பல ஊர்களுக்கும் இந்த முறை பரவியது.

சரி, நடத்துவது எப்படி? கட்டித் தயாராக வைத்த பையை நீட்டாதீர்கள். அடுப்பு இல்லாதவர் பருப்பை வைத்து என்ன செய்வார்? நாங்கள் அலமாரிகளுக்கு வண்ண ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம்: விலை கூடிய பொருள் ஒரு நிறம், அன்றாடப் பொருள் இன்னொரு நிறம், ஒவ்வொன்றிலும் இத்தனை என்று கணக்கு. காய்கறிக்குக் கணக்கே கிடையாது. இதில் நேரம் போகும், வரிசை நீளும். அந்த வரிசை தெருவில் நிற்கக் கூடாது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க முடிந்தால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். ஆளுக்கொரு நேரம் கொடுத்து, உள்ளே நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

கடைகளில் மிஞ்சி வரும் உபரி உணவை நம்பி மட்டும் கடையைத் திறக்காதீர்கள். 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. இருந்தும் உங்கள் வாசலுக்கு வருவது உங்களுக்கு வேண்டியதாக இருக்காது. ஒரு வாரம் தயிராக வந்து குவியும், சமையல் எண்ணெய் மாதக்கணக்கில் எட்டிப்பார்க்காது. விலை கொடுத்து வாங்கத் தனியாக ஒரு நிதி வேண்டும். தேதி விஷயத்தில் கறாராக இருங்கள். ‘இந்தத் தேதிக்குள் தரம் சிறப்பாக இருக்கும்’ என்ற வகைத் தேதி தாண்டிய பிஸ்கெட்டைச் சட்டம் அனுமதித்தால் கொடுக்கலாம். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்றிருக்கும் இறைச்சியை ஒருநாள் தாண்டினாலும் கொடுக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்து, தினமும் நோட்டில் எழுதுங்கள்.

சமூக மையம் எதற்கு, மளிகை மட்டும் போதாதா என்பவர்களும் உண்டு. எங்களிடம் வாராவாரம் வந்த ஒருவர் டீ குடித்துவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டிருந்தார். பல மாதம் கழித்து ஒருநாள் மளிகைப் பையின் அடியிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை: வாடகை பாக்கி, கடன் நோட்டீஸ், கெடு முடியப்போகும் ஓர் உதவித்தொகை விண்ணப்பம். ‘கடன் ஆலோசனை’ என்று பலகை மாட்டிய அறைக்குள் அவர் நுழைந்திருக்கவே மாட்டார். அதனால் படிவம் நிரப்பித் தருகிறவரை டீ மேஜையிலேயே உட்கார வைத்திருக்கிறோம், பலகை இல்லாமல்.

தன்னார்வலர்கள் பெரும்பாலும் உறுப்பினர்களே. அக்கம்பக்கத்துக்காரர்கள் என்பதால் வம்புப் பேச்சுதான் பெரிய ஆபத்து. யார் என்ன எடுத்தார் என்று வெளியே பேசினால் அன்றோடு அவர் வேலை முடிந்தது. இதை முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

அப்புறம் கட்டிடம். நன்கொடையாளர்கள் ஃப்ரிட்ஜ் வாங்கித் தருவார்கள், பெயர் எழுதி ஒட்டலாமே! வாடகையும் மேலாளர் சம்பளமும் தர ஆள் கிடைப்பது கஷ்டம். அந்த இரண்டுக்கும் குறைந்தது ஓராண்டுக்கு வழி தெரியும்வரை திறப்பு விழாவுக்குத் தேதி குறிக்காதீர்கள்.