லக்சருக்கு முன்பணம் கட்டலாமா? முதலில் ஜித்தாவில் இருக்கும் தம்பியைக் கேளுங்கள்

கேள்வி: 2027 ஆகஸ்ட் 2ஆம் தேதி எகிப்தில் முழு சூரிய கிரகணம் தெரியும் என்று எங்கள் ஊர் டூர் ஏஜெண்ட் ஒருவர் சொல்கிறார். கெய்ரோ, நைல் நதிக் கப்பல், அஸ்வான், லக்சர் என்று ஏழு நாள் பேக்கேஜ். தலைக்கு 50,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார், திரும்பக் கிடைக்காதாம். நான், கணவர், பத்து வயது மகள், 67 வயது அம்மா என்று நான்கு பேர். 2019இல் கோவையில் வளைய கிரகணம் பார்த்தோம், அந்தக் கண்ணாடிகள் இன்னும் இருக்கின்றன. என் தம்பி ஜித்தாவில் வேலை செய்கிறான். பணத்தைக் கட்டலாமா? அம்மாவையும் கூட்டிப் போகலாமா? (கோவை வாசகி)

பதில்: கட்டாதீர்கள். உங்கள் கடிதத்தின் நடுவில் ஏஜெண்ட் இருக்கிறார், கடைசியில் தம்பி இருக்கிறான். அதை அப்படியே திருப்பிப் போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு நிலவின் நிழல் உங்கள் தம்பி இருக்கும் ஊர் மேலேயே போகிறது.

முழு கிரகணம் என்பது ஒரு நாடு முழுக்கத் தெரியும் சமாச்சாரம் இல்லை. நிலவின் நிழல் பூமியில் ஒரு பட்டை போல ஓடும். இந்த முறை அந்தப் பட்டை ஏறக்குறைய 258 கிலோமீட்டர் அகலம். ஸ்பெயினின் தென்கோடியைத் தொட்டு, மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா வழியாக எகிப்துக்கு வந்து, செங்கடலைத் தாண்டி ஜித்தா, மெக்கா, ஏமன், சோமாலியா என்று போகிறது. பட்டைக்குள் நின்றால் நடுப்பகலில் இருட்டும். பத்து கிலோமீட்டர் வெளியே நின்றாலும் அந்த இருட்டு உங்களுக்குக் கிடைக்காது.

இதைப் புரிந்துகொள்ள 2019 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். காலை ஒன்பதரை மணிக்குக் கோவையில் சூரியனில் 90 சதவீதத்துக்கு மேல் மறைந்திருந்தது. இருட்டியதா? இல்லை. வெயில் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். மிச்சமிருந்த அந்த மெல்லிய வளையமே அவ்வளவு வெளிச்சம். சூரியனில் நூலளவு மிச்சமிருந்தாலும் அதைச் சுற்றியுள்ள வெள்ளை ஒளிக்கூந்தல், அதாவது கொரோனா, கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் கடல் தாண்டிப் போகிறார்கள்.

சரி, இப்போது ஏஜெண்டின் பட்டியலைப் பாருங்கள். கெய்ரோ பட்டைக்கு வெளியே. அங்கேயும் 90 சதவீதத்துக்கு மேல் மறையும், உங்களுக்கு 2019இல் கிடைத்த மாதிரியே வெயிலும் அடிக்கும். அஸ்வானும் வெளியேதான், ஏதோ சில கிலோமீட்டர் வித்தியாசத்தில். கடற்கரை விடுதிகளுக்குப் பேர்போன ஹுர்கதாவும் வெளியே. லக்சர் மட்டும் நன்றாக உள்ளே. கிரகணம் மிக நீளமாக இருக்கும் இடம், 6 நிமிடம் 23 விநாடி, லக்சருக்குப் பக்கத்தில்தான் வருகிறது. இவ்வளவு நீளமான முழு கிரகணம் இனி 2114 வரை வராது. அதனால்தான் இத்தனை விளம்பரம்.

ஆக, ஏஜெண்டிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, மதியம் ஒரு மணிக்கு நாங்கள் எந்த இடத்தில் நிற்போம்?” ஊர் பெயர், முடிந்தால் ஓட்டல் பெயர். வாயால் சொன்னால் போதாது, ரசீதோடு எழுத்தில் வேண்டும். கப்பலில் இருப்போம் என்றால், கப்பல் அந்த நேரத்தில் நதியில் எங்கே இருக்கும்? நைல் கப்பல்கள் லக்சருக்கும் அஸ்வானுக்கும் நடுவே போய்வருபவை. எட்ஃபு பக்கம் நின்றால் கிரகணம் உண்டு. அஸ்வானில் கட்டிப்போட்டிருந்தால் இல்லை. “அதெல்லாம் கேப்டன் பார்த்துக்கொள்வார்” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2009 ஜூலை 22 கிரகணத்துக்கு நாங்கள் பதினெட்டுப் பேர் பீகாருக்குப் போனோம். ஏற்பாடு செய்தவர் “பாதையிலேயே ரூம்” என்றார். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, லாட்ஜ் பட்டைக்கு வெளியே. விடிகாலை மூன்று மணிக்குப் பஸ் வரும், எல்லைக்குள் கொண்டுபோய் விடுவேன் என்றார். நாங்கள் டார்ச்சும் ஸ்டாண்டுமாக வாசலில் நின்றோம். பஸ் ஐந்து மணிக்கு வந்தது. ஆறு இருபது வாக்கில் ஒரு லெவல் கிராசிங்கில், கேட் மூடியிருக்க, மேகத்துக்குக் கீழே வானம் கறுத்து ஊதா நிறமாவதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பக்கத்து வயலில் கொக்குகள் கூட்டமாக மரத்துக்குத் திரும்பின. மேகத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த இரண்டு மணி நேரம் கையில் இருந்திருந்தால் மேகம் விலகிய இடம் தேடிப் போயிருப்போம். அந்த நேரத்தைப் பறித்தது மேகம் இல்லை.

பணம் கட்டும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்குப் பணம் வாங்குபவர் சட்டப்படி உங்கள் பான் எண்ணில் டிசிஎஸ் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அந்தத் தொகையை நீங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். “ரொக்கமாகக் கொடுங்கள், டிசிஎஸ் இல்லாமல் முடித்துத் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால் உங்கள் பணத்துக்கு எந்தத் தடயமும் இருக்காது என்று அர்த்தம். நாளைக்கு அறை இல்லை என்று கையை விரித்தால் நீங்கள் எதைக் காட்டி நுகர்வோர் மன்றத்துக்குப் போவீர்கள்? வரி பிடித்ததாகச் சொன்னாலும் வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் கணக்கில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு.

உண்மையில் இந்த வேலையெல்லாம் ஒரு குடும்பத்தலைவி உட்கார்ந்து செய்ய வேண்டியதா? கிரகணப் பாதையின் வரைபடம் ரகசியம் இல்லை. வானியலர் ஃபிரெட் எஸ்பெனக் கணக்கிட்ட பாதைகளை நாசா பல ஆண்டுகளுக்கு முன்பே இணையத்தில் இலவசமாக வைத்துவிட்டது. அதைத் தமிழில் ஒரு பக்கம் போட்டு, “இந்த ஊரில் தெரியும், இந்த ஊரில் தெரியாது” என்று சொல்ல நம்மிடம் ஆள் இல்லை. 1995லும் 1999லும் 2009லும் நாடு முழுக்கக் கிரகணப் பிரசாரம் செய்த மத்திய அரசின் விஞ்ஞான் பிரசார் நிறுவனத்தை 2023இல் மூடிவிட்டார்கள். கிரகணம் என்றால் இன்றைக்கும் தொலைக்காட்சியில் வருவது எந்த ராசிக்குப் பரிகாரம் என்பதுதான். பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை வெளியே விட்டுக் காட்டுவதற்குப் பதில் வகுப்பில் அடைத்து வைக்கின்றன. இந்த வெற்றிடத்தில்தான் ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள். எனக்கு ஏஜெண்டுகள் மேல் இருக்கும் கோபத்தைவிட இதன் மேல் இருக்கும் கோபம் அதிகம்.

இனி ஜித்தா. அங்கே முழு கிரகணம் சுமார் 6 நிமிடம். லக்சரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்தச் சில விநாடிகளுக்காக நான்கு பேர் இத்தனை பணம் கொடுக்க வேண்டாம். மதியம் ஒன்றேகால் மணிக்குப் பிறகு இருட்டும். சூரியன் ஓரத்தில் கடிபடுவது அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். தூசி மூட்டமும் புழுக்கமும் லக்சரைவிட ஜித்தாவில் அதிகம், அதை ஒப்புக்கொள்கிறேன். லக்சரில் ஆகஸ்ட் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், தங்கும் இடமும் தெரியாத இடம். தம்பி வீட்டில் அம்மாவுக்கு ஏசி அறை, பழகிய சாப்பாடு, பக்கத்தில் மகன். 67 வயதில் இவைதான் முக்கியம்.

தம்பி வெளிவேலை செய்பவனாக இருந்தால் கவலை வேண்டாம். சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கிரகணம் சரியாக அந்த இடைவேளைக்குள் விழுகிறது. அலுவலக வேலை என்றால் இப்போதே அன்றைக்கு லீவு சொல்லி வைக்கட்டும். உங்களுக்கு விசிட் விசாவுக்கு அவனே நேரடியாக விண்ணப்பிக்கலாமா என்று அவனுடைய இக்காமாவை, அதாவது சவுதி குடியிருப்பு அனுமதியை, வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; நடுவில் யாருக்கும் “விசா செலவு” என்று தர வேண்டாம். பாஸ்போர்ட்டுகள் பயணத் தேதிக்குப் பிறகு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், மகளுடையதை முதலில் எடுத்துப் பாருங்கள்.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். 2019இல் வாங்கியதை எடுத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்டிருக்க வேண்டும், ஆனால் அச்சு மட்டும் சாட்சி இல்லை, போலியும் அதையே அச்சிடுகிறது. “நாசா அங்கீகரித்தது” என்று போட்டிருந்தால் அந்த ஒரு வரியே பொய். நாசா எந்தக் கண்ணாடிக்கும் அங்கீகாரம் தருவதில்லை. கண்ணாடியை அணிந்துகொண்டு வீட்டு டியூப்லைட்டைப் பாருங்கள். எதுவும் தெரியக் கூடாது. கறுப்புத் தாளில் கீறல், மடிப்பு, ஊசித் துளை இருந்தால் தூக்கிப் போடுங்கள். அட்டைப் பெட்டியில் பத்திரமாக இருந்திருந்தால், யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்பதில் சந்தேகமும் இல்லையென்றால், பயன்படுத்தலாம். எக்ஸ்ரே பிலிம், சிடி, புகை படிந்த கண்ணாடி, மஞ்சள் கரைத்த தண்ணீர் எதுவும் வேண்டாம்.

அடுத்து ஒரு விலக்கு. இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள், மகளிடமும் சொல்லுங்கள். முழுதாக மூடிய அந்த ஆறு நிமிடம் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றலாம் என்று சொல்லவில்லை, கழற்ற வேண்டும். கொரோனாவின் ஒளி முழு நிலவின் ஒளி அளவுதான். கண்ணாடி வழியே அது தெரியவே தெரியாது. 1995இல் ராஜஸ்தானில் எங்கள் குழுவோடு வந்த கணக்கு வாத்தியார் ஒருவர், நல்ல மனிதர், எச்சரிக்கை அறிவிப்புகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். அங்கே முழு கிரகணம் ஒரு நிமிடம்கூட இல்லை. சுற்றிலும் எல்லோரும் கத்துகிறார்கள், இவர் கண்ணாடியோடு வானத்தைப் பார்த்தபடி “ஒண்ணுமே தெரியலையே, ஒண்ணுமே தெரியலையே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கழற்றியபோது சூரியன் திரும்பி வந்துவிட்டது. ரயிலில் ஊர் வரும்வரை அவர் யாரோடும் பேசவில்லை. “எக்காரணம் கொண்டும் வெறும் கண்ணால் பார்க்காதீர்கள்” என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் அறிவிப்புகள் அவருக்குச் செய்த அநியாயம் அது.

எப்போது கழற்றுவது? கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருங்கள். சூரியப் பிறை நூலாகி, மணி மணியாக உடைந்து, கடைசி மணியும் அணைந்து கண்ணாடிக்குள் முழுக்கக் கறுப்பாகும். அப்போது கழற்றுங்கள். கறுத்த நிலவைச் சுற்றிக் கொரோனா விரிந்திருக்கும், தொடுவானம் நாலாபக்கமும் அந்திபோலச் சிவந்திருக்கும். தம்பி கைபேசியில் ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைக்கட்டும். அது அடித்ததும் நிலவின் எதிர் ஓரத்தைக் கவனியுங்கள். அந்த ஓரம் வெளுக்கத் தொடங்கி ஒரு பொட்டு வெளிச்சம் வைரம்போலத் தெறித்ததும் பார்வையை விலக்கி, கண்ணாடியைப் போட்டுவிடுங்கள். இன்னொன்று: இந்தச் சலுகை முழு கிரகணத்துக்கு மட்டும்தான். 2031 மே 21இல் கேரளத்திலும் தென் தமிழகத்திலும் வரப்போவது மறுபடியும் வளைய கிரகணம். அதில் ஒரு விநாடிகூடக் கழற்றக் கூடாது. 2027 ஆகஸ்ட் 2 அன்று கோவையிலேயே இருப்பவர்களுக்கும் அதே விதிதான்; அன்று மாலை இங்கே தெரியப்போவது வெறும் பகுதி கிரகணம்.

படம் எடுப்பதில் நேரத்தை விடாதீர்கள். கைபேசியில் எப்படி எடுத்தாலும் ஒரு வெள்ளைப் புள்ளிதான் வரும்.

அம்மாவுக்கு: அந்த நேரத்தில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பாய் விரித்து, தலையணை வைத்துப் படுத்துப் பார்க்கட்டும். தரை காலையிலிருந்து சுட்டுக் கிடக்கும், பாய்க்குக் கீழே மெத்தையோ கனத்த ஜமக்காளமோ போடுங்கள். ஒரு மணிவரை அறையிலேயே இருக்கட்டும். பிறை மெலிந்து வெயில் தணிந்த பிறகு மாடிக்குக் கூட்டி வந்தால் போதும். மோர், உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் மேலேயே இருக்கட்டும்.

ஜித்தாவில் மொட்டை மாடிகளுக்குக் கைப்பிடிச் சுவர் உயரமாக எழுப்பியிருப்பார்கள். சூரியன் உச்சியில் இருப்பதால் அது மறைக்காது. ஆனால் பல கட்டிடங்களில் மாடிக் கதவு பூட்டியே கிடக்கும், சாவி ஹாரிஸிடம், அதாவது கட்டிடக் காவலாளியிடம், இருக்கும். கிரகண நேரத்தில் பள்ளிவாசல்களில் தனித் தொழுகை நடக்கும். ஹாரிஸ் அங்கே போயிருந்தால் அவரைத் தேடிப்பிடிக்க முடியாது. சாவியை முதல்நாள் இரவே வாங்கி வைத்துக்கொள்ளத் தம்பியிடம் சொல்லுங்கள்.