ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை, செயலிதான் போய்விட்டது

கேள்வி: இருபது வருடமாக ஆம்ப்ளிஃபையர், வயர் போட்ட ஸ்பீக்கர் என்றே பாட்டு கேட்டு வருகிறேன். இனி உயர்ரக ஸ்பீக்கர் எல்லாம் வயர்லெஸ்தான் என்கிறார்கள். இருப்பதை விற்றுவிட்டு மாறலாமா?

பதில்: விற்காதீர்கள். சந்தை வயர்லெஸ் பக்கம் நகர்வது உண்மை, அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. ஆம்ப்பை ஸ்பீக்கருக்குள்ளேயே வைத்துவிட்டால், உள்ளே ஒலி எழுப்பும் ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ஆம்ப் கொடுக்கலாம். எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்பதை ஒரு சிப் கணக்கிட்டுப் பிரித்துவிடும். 2020-ல் வந்த கெஃப் நிறுவனத்தின் எல்எஸ்50 வயர்லெஸ் 2 ஸ்பீக்கரில் பாஸுக்கு 280 வாட், கீச்சொலி எழுப்பும் டிவீட்டருக்கு 100 வாட் என்று தனித்தனியாக இருக்கிறது. சின்னப் பெட்டியில் அத்தனை கட்டுப்பாடான பாஸ் வருவது இப்படித்தான்.

ஆனால் உங்களுடையது இன்னும் நன்றாகப் பாடுகிறது. கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் நைந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆம்ப் போனால் ஆம்ப்பை மட்டும் மாற்றலாம். எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வயர்லெஸில் ஒன்று போனாலும் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்கு ஓட வேண்டும். ஸ்ட்ரீமிங் வேண்டுமென்றால் பழைய ஆம்ப்போடு ஒரு ஸ்ட்ரீமரை, அதாவது இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஆம்ப்புக்குக் கொடுக்கும் பெட்டியை, சேருங்கள், போதும்.

கேள்வி: வயர்லெஸ் என்று சொல்லித்தான் விற்றார்கள். பிரித்துப் பார்த்தால் இரண்டு ஸ்பீக்கருக்கும் கரண்ட் வயர்! இது ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை. உள்ளே ஆம்ப் இருந்தால் அதற்குக் கரண்ட் வேண்டும். பெட்டியின் மேலேயே படம் போட்டிருப்பார்கள், வாங்கும் முன் பார்த்திருக்கலாம்.

கேள்வி: விலை உயர்ந்த ஸ்பீக்கர்தான். போனிலிருந்து புளூடூத்தில் போட்டால் என் பழைய சிடி பிளேயர் அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. ஸ்பீக்கர் மட்டமா?

பதில்: ஸ்பீக்கர் மட்டமில்லை, பாட்டு வரும் வழி குறுகல். சிடியில் ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது. எல்லாப் போனிலும் உள்ள எஸ்பிசி என்ற சுருக்கும் முறையில் புளூடூத் அனுப்புவது சுமார் 328 கிலோபிட். எல்டாக் முறை 990 வரை போகும், அதற்குப் போனும் ஸ்பீக்கரும் இரண்டுமே ஒத்துவர வேண்டும். வைஃபைக்கு மாறுங்கள், தரம் குறையாமல் பாட்டு முழுதாக வந்து சேரும்.

கேள்வி: ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய ஸ்பீக்கர். ஒரு கீறல்கூட இல்லை. "இந்த மாடலுக்கு இனி செயலி வேலை செய்யாது, புதிதாக வாங்கினால் தள்ளுபடி தருகிறோம்" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும்.

என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டு வாங்கினேன். நான்காம் வருடம் அதைச் செய்த நிறுவனம் சர்வரை மூடிவிட்டது. இன்றும் பிளக்கைச் செருகினால் முன்பக்கத்து வெள்ளை விளக்கு மினுக்க ஆரம்பிக்கும், மினுக்கிக்கொண்டே இருக்கும். செயலி 'சாதனம் கிடைக்கவில்லை' என்கிறது. பின்பக்கம் திருப்பினால் கரண்டுக்கு ஒரு துளை, வேறு எந்தத் துளையும் கிடையாது. டிரைவர், ஆம்ப், மரப்பெட்டி எல்லாம் புதுசு போல இருக்கின்றன, உள்ளே பாட்டை அனுப்பத்தான் வழியில்லை.

பெரிய நிறுவனங்களும் இதைச் செய்திருக்கின்றன. தள்ளுபடி வேண்டுமானால் பழைய ஸ்பீக்கரை 21 நாளில் நிரந்தரமாக முடங்கும்படி செய்துவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் சோனோஸ் நிபந்தனை வைத்திருந்தது. நன்றாக ஓடும் பொருளைக் குப்பையாக்கச் சொன்னார்கள். 2020-ல் வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் அதைக் கைவிட்டார்கள், பழைய மாடல்களுக்குத் தனிச் செயலியும் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் போஸ் தன் சவுண்ட்டச் வரிசையின் இணையச் சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதிலாவது வயர் செருகிப் பாட்டு அனுப்பும் ஆக்ஸ் துளையும் புளூடூத்தும் தொடர்ந்து வேலை செய்யும் என்றார்கள்.

அந்தத் துளைதான் விஷயம். உங்கள் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆக்ஸ், ஆப்டிகல் என்று பாட்டு உள்ளே போகும் துளை எது இருந்தாலும் ஒரு சின்ன ஸ்ட்ரீமரை அதில் செருகுங்கள், ஸ்பீக்கர் பிழைத்துவிடும். தள்ளுபடியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், இனி வாங்கப்போகிறவர்கள் எல்லோரும் கடையில் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை வருடம் அப்டேட் தருவீர்கள்? செயலி இல்லாமல் இது பாடுமா? பதில் சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: யூடியூபில் பார்த்து ஆர்டர் போட்டேன். ஹாலில் வைத்தால் பாட்டு அடிக்கடி அறுபடுகிறது. ரவுட்டர் படுக்கையறையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. திருப்பித் தரும் காலமும் முடிந்துவிட்டது.

பதில்: பதிலை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரவுட்டரைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கருக்கு ஈதர்நெட் வயர் இழுங்கள். இவ்வளவு பணம் போடும்போது திருப்பித் தரும் நாட்களுக்குள் ஒரு தடவையாவது உட்கார்ந்து சோதித்திருக்க வேண்டாமா?

கேள்வி: டிவியில் வாய் அசைந்த பிறகு குரல் வருகிறது. புளூடூத்தில் இணைத்திருக்கிறேன்.

பதில்: எச்டிஎம்ஐ வயரில் இணையுங்கள்.

கேள்வி: புதிது என்று முழு விலை வாங்கினார்கள். வீட்டில் செயலியில் சேர்க்கப் போனால், ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் பதிவாகியிருப்பதாகக் காட்டுகிறது. கடைக்காரர், "ரீசெட் பண்ணுங்க, சரியாகிடும்" என்கிறார்.

பதில்: ரீசெட் செய்யாதீர்கள்! உங்கள் கையில் இருக்கும் சாட்சியே அந்தத் திரைதான். அதைப் படம் எடுங்கள். பெட்டியில், ரசீதில், ஸ்பீக்கரின் அடியில் உள்ள சீரியல் எண்களையும் படம் எடுங்கள். மூன்றையும் தயாரிப்பாளருக்கு அனுப்பி, இந்த எண் முதலில் என்று பதிவானது என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் ரசீதுத் தேதிக்கு முந்தைய தேதி என்று பதில் வந்தால், கடைக்காரரிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மாற்று ஸ்பீக்கர் தருகிறேன் என்றால் பெட்டியை அவர் முன்னாலேயே பிரித்து, அங்கேயே செயலியில் சேர்த்துப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள். தர மறுத்தால் அந்தப் படங்களோடு நுகர்வோர் புகார் கொடுங்கள், எனக்கும் எழுதுங்கள்.